தேர்வு செய்ய ஆளில்லாத தேர்வு: இயற்கைத் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். எப்படி மாறுகின்றன என்று கேட்டால்தான் சிக்கல். பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் டார்வின் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கும். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நாம் புழங்கும் சொற்கள் என்றே நினைக்கிறேன். அதனால் சொற்களைப் பற்றியும் இடையிடையே பேசியிருக்கிறேன்.

இயற்கைத் தேர்வு என்றால் என்ன, சுருக்கமாக?

ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்கள் அச்சில் வார்த்ததுபோல் இருப்பதில்லை. நிறம், உயரம், குளிரைத் தாங்கும் திறன் என்று ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும். இந்த வேறுபாடுகளில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகின்றன. பிறப்பவை எல்லாம் வளர்ந்து, தானும் குஞ்சு பொரிக்கும் வரை உயிரோடு இருப்பதும் இல்லை. ஒரு காட் மீன் ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. அத்தனையும் பிழைத்தால் கடல் கொள்ளாது.

யார் பிழைக்கிறார்கள் என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் முழுக்க அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அந்தச் சூழலில் எந்த வேறுபாடு கொஞ்சம் கைகொடுக்கிறதோ, அது அடுத்த தலைமுறையில் கொஞ்சம் அதிகமாகக் காணப்படும். இதுவே ஆயிரக்கணக்கான தலைமுறைகள் தொடர்ந்தால் அந்த இனத்தின் தோற்றமே மாறிவிடும். அவ்வளவுதான்.

இந்த எண்ணம் இரண்டு பேருக்குத் தனித்தனியே தோன்றியது. சார்லஸ் டார்வின் சுமார் 20 ஆண்டுகள் இதை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு மலாய்த் தீவுகளில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது பிடிபட்டது. இருவருடைய எழுத்துகளும் 1858 ஜூலை 1 அன்று லண்டனில் உள்ள லின்னியன் சங்கம் என்ற இயற்கையியல் அமைப்பில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அன்று இருவருமே அங்கு இல்லை.

தேர்வு செய்வது யார்?

யாரும் இல்லை. 'தேர்வு' என்றதும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடும் ஒருவர் நம் மனத்தில் வந்துவிடுகிறார். இலங்கைத் தமிழில் 'இயற்கைத் தெரிவு' என்பார்கள். அங்கும் தெரிவு செய்பவர் ஒருவர் ஒளிந்திருக்கிறார். சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மணி கீழே விழ வேண்டும் என்று சல்லடை யோசிப்பதில்லை. கண்ணின் அளவு ஒன்று, மணியின் அளவு ஒன்று, மற்றது தானாக நடக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: சல்லடை புதிதாக எதையும் உண்டாக்காது. ஏற்கெனவே உள்ளதைப் பிரிக்கும். இது ஒன்று பிடிபட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் தாமாகவே கரைந்துவிடும்.

பரிணாம வளர்ச்சி என்றால் எல்லா உயிர்களும் மேலும் மேலும் மேம்படுவதுதானே?

இல்லை. 'வளர்ச்சி' என்ற சொல் செய்த வேலை இது. வளர்ச்சி என்றால் நமக்கு மேலே போவது, முன்னேறுவது. மெக்சிகோவின் குகைகளில் வாழும் ஒரு மீனுக்குக் கண்கள் இல்லை. அதே இனத்தில் வெளியே ஆற்றில் திரியும் மீன்களுக்குக் கண்கள் உண்டு. நாடாப்புழு நம் குடலுக்குள் இருந்து செரித்த உணவைத் தோல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குச் சொந்தமாக ஒரு குடல்கூடக் கிடையாது. இழப்பதும் பரிணாமம்தான். அதனால் வெறுமனே 'பரிணாமம்' என்று சொல்வதே எனக்குப் பிடிக்கும். ஏணி இல்லை, கிளை விட்டுக்கொண்டே போகும் மரம்.

இதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், அளந்தும் வைத்திருக்கிறார்கள். கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு சின்னத் தீவு. மரமே அதிகம் இல்லாத எரிமலைக் குன்று அது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973 முதல் பல பத்தாண்டுகள் அங்கே போய், ஃபிஞ்ச் குருவிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து, மறுபடி பறக்க விட்டார்கள். எந்தக் குருவி எந்தக் குருவியின் குஞ்சு என்பது வரை அவர்களிடம் கணக்கு இருந்தது.

1977-இல் அங்கே மழை பொய்த்தது. செடிகள் புது விதை தரவில்லை. சின்ன, மெல்லிய விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. மிச்சம் இருந்தவற்றில் முக்கியமானது நெருஞ்சில் வகையைச் சேர்ந்த ஒரு செடியின் காய். நெருஞ்சிலை மிதித்தவர்களுக்கு அது எவ்வளவு கெட்டி என்று தெரியும். அந்த முள்காயை அலகுக்குள் வைத்து நெரித்து உடைத்தால்தான் உள்ளே இருக்கும் விதை கிடைக்கும். அலகு தடித்த குருவிகளால் அது முடிந்தது. மெல்லிய அலகுக் குருவிகள் முயன்று பார்த்துவிட்டுப் போட்டுவிட்டன. அந்த வறட்சியில், நடுத்தர அலகு கொண்ட தரை ஃபிஞ்ச் இனத்தில் சுமார் 85 சதவீதம் செத்துப்போயின.

பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முன்பு இருந்த கூட்டத்தின் சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல். அரை மில்லிமீட்டர் என்பது நகத்தின் தடிமன் அளவுதான். உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது அது. மழை திரும்பியபின் பிறந்த குஞ்சுகளும் தடித்த அலகோடு வளர்ந்தன, ஏனென்றால் அலகின் அளவு பெற்றோரிடமிருந்து வருவது.

கதை அங்கே முடியவில்லை. 1983-இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு, கொட்டோ கொட்டென்று மழையைக் கொட்டியது. தீவு முழுக்கக் கொடியும் புல்லும் மண்டி, சின்ன விதைகள் குவிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் சிற்றலகுக் குருவிகள் நன்றாகப் பிழைத்தன, சராசரி மறுபக்கம் சாய்ந்தது. எது நல்ல அலகு என்ற கேள்விக்கு அந்தத் தீவில் நிரந்தரமான பதில் கிடையாது. அந்த ஆண்டு என்ன விதை கிடைக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

ஒட்டகச்சிவிங்கி உயரமான இலைகளை எட்டி எட்டித்தானே கழுத்து நீண்டது?

இல்லை. ஒரு விலங்கு வாழ்நாளில் பழகிப் பெற்றதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் என்ற எண்ணத்தை 1809-இல் லமார்க் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் விரிவாக எழுதினார். டார்வினே இதை முழுக்கக் கைவிடவில்லை. மரபு எப்படிப் போகிறது என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. இன்று தெரியும். உடற்பயிற்சி செய்து தோளை ஏற்றியவருக்கு ஏறிய தோளோடு பிள்ளை பிறப்பதில்லை.

டாஃப்னி மேஜருக்குத் திரும்பிப் போங்கள். வறட்சியில் எந்த ஒரு குருவிக்கும் அலகு தடிக்கவில்லை. பிறந்த அலகோடுதான் ஒவ்வொன்றும் பிழைத்தது அல்லது செத்தது. மாறியது கூட்டத்தின் சராசரி. 'சூழலுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது' என்று பாடப்புத்தகங்களில் ஒரு தொடர் வரும். அதில் உள்ள 'தன்னை', 'கொண்டது' இரண்டும் தவறான படத்தைக் காட்டுகின்றன. தனி உயிர் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. மாற்றம் தலைமுறைகளுக்கு இடையில் நடக்கிறது.

அப்படியானால் வேறுபாடுகள் முதலில் எங்கிருந்து வருகின்றன?

இரண்டு வழி. ஒன்று, தாய் தந்தை மரபணுக்கள் ஒவ்வொரு பிறப்பிலும் சீட்டுக்கட்டுபோல் புதிதாகக் கலைக்கப்படுகின்றன. இரண்டாவது, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழைகள் விழுகின்றன. இந்தப் பிழைதான் திடீர்மாற்றம். மனிதக் குழந்தை ஒவ்வொன்றும் பெற்றோரிடம் இல்லாத சுமார் 60, 70 புதிய மாற்றங்களோடு பிறக்கிறது. பெரும்பாலானவற்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

தேவை வந்தால் அதற்கேற்ற மாற்றம் வருமா என்பது நியாயமான கேள்வி. 1952-இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் இதை ஒரு துண்டு வெல்வெட் துணியால் தீர்த்தார்கள். தட்டில் பாக்டீரியாக்கள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். துணியை அதன்மேல் மெதுவாக ஒற்றி எடுத்தால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் துணியில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் முத்திரை குத்துவதுபோல அதை மருந்து கலந்த வேறு தட்டுகளில் ஒற்றினார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில்தான் பாக்டீரியா பிழைத்தது. அப்புறம் மருந்தே படாத மூலத் தட்டுக்குப் போய், அதே இடத்திலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். அதுவும் மருந்தைத் தாங்கியது. அதாவது, தாங்கும் திறன் மருந்து வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை, வெளிக்காட்டியது. சல்லடை வேலை.

எல்லாம் தற்செயல் என்றால் கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படி வந்திருக்கும்?

திடீர்மாற்றம் தற்செயல். தேர்வு தற்செயல் அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

கண் ஒரே தாவலில் வர வேண்டியதில்லை. ஒளி படுகிறதா இல்லையா என்று உணரும் ஒரு சின்னப் புள்ளி இருந்தாலே, மேலே நிழல் விழுந்ததும் ஒதுங்கிக்கொள்ளலாம். அந்தப் புள்ளி குழியாக இருந்தால் ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். குழியின் வாய் சுருங்கினால் மங்கலாக உருவம் விழும். நாட்டிலஸ் என்ற கடலுயிருக்கு இன்றும் வில்லையே (லென்ஸ்) இல்லாத அப்படிப்பட்ட கண்தான். வாயை மூடித் தெளிவான திசு வந்தால் வில்லை. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதைவிடக் கொஞ்சம் நன்றாகப் பார்க்கும். இந்தப் படிகள் எல்லாவற்றோடும் இன்றைக்கும் உயிரோடு உலவும் உயிரினங்கள் இருக்கின்றன. 1994-இல் நில்சன், பெல்கர் என்ற இருவர், வேண்டுமென்றே மெதுவான வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். தட்டையான ஒளியுணர் பரப்பிலிருந்து மீனின் கண் போன்ற ஒன்றுக்கு வர 4 லட்சம் தலைமுறைக்கும் குறைவாகவே போதும் என்று வந்தது.

வலியது வெல்லும் என்பதுதானே சாரம்?

இந்தத் தொடர் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. மனிதர்களை மனிதர்கள் நசுக்குவதற்கெல்லாம் இதைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். 'தக்கவை பிழைக்கும்' என்ற தொடரே டார்வின் உண்டாக்கியதல்ல, ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1864-இல் எழுதியது. டார்வின் பிறகுதான் எடுத்துக்கொண்டார். 'தக்கது' என்றால் பலசாலி என்று பொருள் இல்லை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அதிகச் சந்ததி விட்டது என்று மட்டுமே பொருள்.

ஹவாயின் கவாய் தீவில் உள்ள சிள்வண்டுகளைப் பாருங்கள். ஆண் வண்டு இறக்கைகளை உரசிப் பாடி, பெண்ணை அழைக்கும். அந்தப் பாட்டை வேறொன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது: ஓர் ஒட்டுண்ணி ஈ. அது பாடும் வண்டைத் தேடி வந்து தன் புழுக்களை விட்டுவிட்டுப் போகும். புழுக்கள் வண்டின் உடலுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்றுகொண்டு வெளிவரும், வண்டு சாகும். சில ஆண் வண்டுகளுக்கு ஒரு திடீர்மாற்றத்தால் இறக்கையில் பாட்டெழுப்பும் அமைப்பு இல்லை. மார்லீன் ஸுக்கும் உடன் உழைத்தவர்களும் 2000-களின் தொடக்கத்தில் பார்த்தபோது, சுமார் 20 தலைமுறைக்குள் அங்கிருந்த ஆண் வண்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஊமையாகிவிட்டிருந்தன. பெண்ணை அழைக்கக் குரல் இல்லாதது அங்கே தக்கதாக இருந்தது. சரி, பெண் எப்படிக் கிடைக்கும்? மிச்சம் பாடிக்கொண்டிருக்கும் ஒரு சில வண்டுகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன, வரும் பெண்ணை வழியில் மறிக்கின்றன. பலம் எங்கே இருக்கிறது இதில்?

ஓர் இனம் எப்போது இரண்டாகிறது? முதல் புது உயிர் எப்போது பிறந்தது?

முதல் உயிர் என்று ஒன்று பிறப்பதே இல்லை. தமிழும் மலையாளமும் ஒரு காலத்தில் ஒரே மொழி. ஆனால் தமிழ் பேசிய தாய்க்கு மலையாளம் பேசும் பிள்ளை என்றைக்கும் பிறக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தாயின் மொழியைத்தான் பேசினார்கள். நடுவில் மலை இருந்தது, போக்குவரத்து குறைந்தது, இந்தப் பக்கம் ஒரு மாற்றம், அந்தப் பக்கம் வேறு மாற்றம் என்று சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்கு முழுதாகப் புரியாமல் போனது. எந்த ஆண்டில் என்று கோடு கிழிக்க முடியாது.

உயிரினங்களிலும் பெரும்பாலும் இப்படித்தான். கடலோ மலையோ பாலைவனமோ ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. இரு பக்கமும் தனித்தனியே மாறுகின்றன. மறுபடி சந்திக்கும்போது இணைய விரும்புவதில்லை, அல்லது இணைந்தாலும் வளமான குட்டிகள் பிறப்பதில்லை. சில நேரம் பிரிவதற்கு மலைகூட வேண்டாம். வட அமெரிக்காவில் ஹாதார்ன் மரத்தின் பழங்களில் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழ ஈயில் ஒரு பிரிவு, 19-ஆம் நூற்றாண்டில் ஆப்பிளுக்கு மாறியது. இரு மரங்களும் பழுக்கும் காலம் வேறு, ஈக்கள் தாங்கள் வளர்ந்த பழத்தின் மீதே ஜோடி சேர்கின்றன. ஒரே தோட்டத்தில் பறந்துகொண்டே அவை பிரிந்துகொண்டிருக்கின்றன.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

மலையாளம் பிரிந்தபின் தமிழ் ஏன் இன்னும் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? இன்றைய சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. இருவருக்கும் பொதுவான ஒரு மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அது மனிதனும் அல்ல, சிம்பன்சியும் அல்ல.

இதற்குச் சான்று நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கிடக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி குரோமோசோம். நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போயிற்று? நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுவே, வழக்கமாக நுனியில் மட்டும் இருக்கும் டி.என்.ஏ. வரிசை, முகத்தோடு முகம் ஒட்டியதுபோல் கிடக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி இணைந்த தழும்பு அது.

இடைப்பட்ட புதைபடிவங்கள் கிடைக்கவில்லையாமே?

நிறையக் கிடைத்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது டிக்டாலிக். நீரில் வாழ்ந்த மீன்களிலிருந்து நான்கு கால் விலங்குகள் பிரிந்த காலம் தெரியும். அந்தக் காலத்துப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று வரைபடத்தில் பார்த்து, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போய்ப் பல கோடைகள் தோண்டினார்கள். 2004-இல் கிடைத்தது. வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். மீன்போல் செதிலும் துடுப்பும் உண்டு. ஆனால் தட்டையான தலை, மீன்களுக்கு இல்லாத கழுத்து, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகள். எந்தப் பாறையில் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய் எடுத்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

இயற்கை இவ்வளவு காலம் செதுக்கியும் உடலில் ஏன் இத்தனை குறைகள்?

ஏனென்றால் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வசதி அதற்கு இல்லை. குடியிருந்துகொண்டே மராமத்து பார்க்க வேண்டும். குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு, மூளையிலிருந்து புறப்பட்டு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்தருகே ஒரு பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. மீன்களில் அது நேர்வழி. கழுத்து என்று ஒன்று வந்து நீள நீள, நரம்பு தமனியின் மறுபக்கம் மாட்டிக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கியில் அது 4 மீட்டருக்கும் அதிகமாகச் சுற்றிவருகிறது. குரல்வளை மூளைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளும் இதே கதைதானா?

அதேதான். நம் உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்பார்கள். உடல் பழகுவதில்லை. கிருமிக் கூட்டத்தில் தற்செயலாகத் தாங்கும் திறன் இருந்தவை பிழைத்துப் பெருகுகின்றன. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி விழுங்குவது, தேவையே இல்லாமல் சல்லடையை ஆட்டுவது. நோய் குறையாது, தாங்கும் கிருமிகளுக்கு மட்டும் இடம் காலியாகும்.

இது வெறும் கோட்பாடுதானே?

புவியீர்ப்பும் கோட்பாடுதான். அறிவியலில் கோட்பாடு என்றால் ஊகம் இல்லை. சோதித்துச் சோதித்து நிலைத்த விளக்கம்.

மனிதர்களிடம் இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. பால் குடிக்கும் பருவம் தாண்டியபின் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பாலூட்டிகளில் குறைந்துவிடும். கால்நடை வளர்த்துப் பால் குடித்த மக்களிடையே, பெரியவர்களானபின்னும் அந்தத் திறனை நிறுத்தாத மாற்றங்கள் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் பரவின. ஐரோப்பாவில் ஒரு மாற்றம், கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறு மாற்றம்.

இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைத்துவிடும் அரிவாள் செல் மரபணு இன்னும் வேதனையான உதாரணம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவின் கொடுமையிலிருந்து பாதுகாப்பு. 1954-இல் ஆன்டனி ஆலிசன் இதைக் காட்டினார். மலேரியா இருக்கும் இடங்களில் அந்த மரபணு மறையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். சில குழந்தைகளின் நோய், வேறு பல குழந்தைகளின் பாதுகாப்போடு பிணைந்து கிடக்கிறது.

அடுத்து என்ன மாற்றம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் அமெரிக்காவில் ஒரே பாக்டீரியாவிலிருந்து 12 குடுவைகளைத் தொடங்கினார். தினமும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூறில் ஒரு பங்கைப் புதுக் கரைசலுக்கு மாற்றுவார்கள். 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து உறையவைத்துச் சேமிப்பார்கள். பன்னிரண்டிலும் பாக்டீரியா வேகமாகப் பெருகப் பழகின. பன்னிரண்டிலும் செல் பெரிதானது. அதுவரை எதிர்பார்த்த மாதிரிதான்.

ஆனால் கரைசலில் சிட்ரேட் என்ற பொருளும் இருந்தது. காற்றுள்ள இடத்தில் இந்த பாக்டீரியாவால் அதைத் தின்ன முடியாது. சுமார் 31,500 தலைமுறைகள் கழித்து ஒரே ஒரு குடுவை திடீரென்று கலங்கித் தெரிந்தது. அதில் இருந்தவை சிட்ரேட்டைத் தின்னத் தொடங்கியிருந்தன. உறையவைத்த மூதாதைகளை எழுப்பி மறுபடி ஓட விட்டபோது, 20,000-ஆவது தலைமுறைக்குப் பிந்தியவற்றில் மட்டுமே சிலவற்றால் அதை மீண்டும் கண்டடைய முடிந்தது. அதற்கு முன்பே ஏதோ ஒரு சின்ன மாற்றம், அப்போது பெரிதாகக் கண்ணில் படாமல், வழியைத் திறந்து வைத்திருந்தது. மற்ற 11 குடுவைகளும் இத்தனை ஆண்டுகளாக அதே கரைசலில், அதே சிட்ரேட்டுக்கு நடுவே நீந்திக்கொண்டிருக்கின்றன.